காலை அடுப்பு யார் பொறுப்பு?

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சோதனையான நேரம் எது? காலை 6 மணி முதல் 8 மணி வரை உள்ள 2 மணி நேரம்தான்!

பிள்ளையை எழுப்ப வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். தலை வாரிவிட வேண்டும். அதற்குள் காலைப் பலகாரம் ஆக வேண்டும். மதியச் சாப்பாட்டையும் டப்பாவில் கட்ட வேண்டும். பிறகு தாயும் தந்தையும் வேலைக்கு ஓட வேண்டும். மில் வேலையோ, கடை வேலையோ, ஆபீஸ் வேலையோ, யாருக்காகவும் பஸ் காத்திருக்காது.

இந்த அவசரத்தில் அடிபட்டுப் போவது காலைச் சாப்பாடுதான். பிள்ளை 2 பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போகிறது. தாய் ஒரு டம்ளர் டீயோடு வேலைக்குப் போகிறார்.

"இது வீட்டுக்கு வீடு நடப்பதுதானே" என்று ஒதுக்கிவிட முடியாது. இது நாட்டின் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

பள்ளியில் சிற்றுண்டி

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடும் வழக்கம் பழையது. காமராஜர் ஆட்சியில் 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ம் ஆண்டு அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.

ஆனால், மதியம் மணி அடிக்கும் வரை பிள்ளையின் வயிறு என்ன செய்யும்? வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் அது தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகளில் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கிடைத்தது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 2024-ல் கிராமங்களில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025-ல் நகரங்களில் உள்ள அத்தகைய பள்ளிகளும் சேர்ந்தன.

வீட்டுக்கு ஒரு பாடம்

திட்டத்தின் சமையல் பட்டியலில் இருந்து வீடுகளும் ஒரு பாடம் கற்கலாம்.

அந்தப் பட்டியலில் என்ன இருந்தது? ஒரு நாள் உப்புமா. ஒரு நாள் கிச்சடி. ஒரு நாள் பொங்கல். தொட்டுக்கொள்ளக் காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி, 15 கிராம் பருப்பு என்று கணக்கு.

எல்லாமே ஒரே பாத்திரத்தில் வேகும் பண்டங்கள். எந்தக் கிழமை என்ன என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே, "இன்றைக்கு என்ன செய்வது?" என்று அடுப்பின் முன் நின்று யோசிக்க வேண்டியது இல்லை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து வாரப் பட்டியலை எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம். அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று மூன்று வகை செய்யாமல், எல்லாருக்கும் ஒன்றே செய்யலாம். காரம் சேர்க்கும் முன்பே குழந்தையின் பங்கைத் தனியாக எடுத்து வைத்தால் போதும்.

அவித்த முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் பெரிய சமையல் வேண்டாம். வேர்க்கடலை உருண்டையை ஒரு முறை பிடித்து வைத்தால் பல நாள் வரும். ஆனால், மிகச் சின்னக் குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கக் கூடாது. அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்; பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

பிஸ்கட் சாப்பாடு ஆகாது. பெரும்பாலான பிஸ்கட்டுகளில் இருப்பது மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். வேலையைக் குறைக்கலாம், பிள்ளையின் சத்தைக் குறைக்கக் கூடாது.

தாயின் தட்டு எங்கே?

காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வந்தது. பள்ளி விடுமுறை நாளில் பழையபடி வீட்டு அடுப்புதான் எரிய வேண்டும். திட்டத்தில் சேராத வகுப்பில் படிக்கும் அண்ணனுக்கும், இன்னும் பள்ளிக்குப் போகாத தங்கைக்கும் வீட்டில்தான் சமைக்க வேண்டும்.

தாயைப் பற்றியோ கேட்பாரே இல்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை! 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை!

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, இரும்புச் சத்துள்ள உணவு போதாமை. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதும் குறைந்துவிடும். ஆகவே, சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்பும், சாப்பிட்ட பிறகு 1 மணி நேரமும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய சத்துணவுக் கழகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயோடு நிறுத்திக்கொள்ளும் தாய்க்கோ, அந்த இரும்புச் சத்தே தட்டில் விழுவது இல்லை.

இயந்திரம் வந்தது, ஓய்வு வந்ததா?

ஒரு காலத்தில் ஆட்டுக்கல்லில் மாவு அரைக்க மணிக்கணக்கில் கை வலிக்கும். 1950-களில் கோவையில் கிரைண்டர் பிறந்தது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. இன்று தெருமுனைக் கடையிலேயே தோசை மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது.

இவ்வளவு வந்தும் பெண்ணின் வேலை குறைந்ததா? மத்திய அரசு 2019-லும் 2024-லும் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு அது. சமையல், கூட்டுதல், துவைத்தல் போன்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள், 2019-ல் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் உழைத்தார்கள். 2024-ல் அது 289 நிமிடம். 5 ஆண்டில் குறைந்தது வெறும் 10 நிமிடம்!

வீட்டு வேலை செய்த ஆண்களின் நேரமாவது கூடியதா? அதுவும் இல்லை. 97 நிமிடமாக இருந்தது 88 நிமிடமாக இறங்கிவிட்டது!

மாவு அரைக்க இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் காய் நறுக்க, பாத்திரம் கழுவ, பிள்ளைக்கு ஊட்டப் பெரும்பாலான வீடுகளில் இயந்திரம் இல்லை. கைதான் வேண்டும். அது தாயின் கையாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரவு சாப்பிட்டு முடித்ததும், மறுநாள் காயைத் தந்தை நறுக்கி வைக்கலாம். காலையில் ஒருவர் அடுப்பைப் பார்த்தால், மற்றவர் பிள்ளையைப் புறப்பட வைக்கலாம். தட்டு எடுத்து வைப்பதும், தண்ணீர் பிடித்து வைப்பதும் 7 வயது மகனுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். இப்படிப் பகிர்ந்தால் தாய்க்கு 15 நிமிடம் மிஞ்சும். அந்த 15 நிமிடத்தில் அவர் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை எழுதும் பட்டியலில் என்ன பலகாரம் என்பதோடு, யார் செய்வது என்பதையும் எழுதுங்கள். அதில் தந்தையின் பெயரும் இருக்கட்டும்.