முதலில் அட்ரினலின், அதுவும் தொடைத்தசையில்

நல்லவாட்டில் பாம்பு கடித்தவரை ஜிப்மருக்குக் கொண்டுபோக, புதுச்சேரி நகரைக் கடந்து கோரிமேடு வரை போக வேண்டும். நஞ்சுமுறி மருந்தின் முதல் குப்பிகளை ஏற்றும் வேலை கிராமப்புற சுகாதார நிலையத்திலேயே விழலாம். குதிரைச் சீரத்தில் தயாராகும் அம்மருந்து உண்டாக்கும் ஒவ்வாமையைச் சமாளிப்பதும் அங்கேதான்.

நோயாளிக்கு உடல் தடித்து, மூச்சு இளைத்து, ரத்த அழுத்தம் சரியும்போது நம் கை முதலில் அவிலையும் ஹைட்ரோகார்டிசோனையும் தேடுகிறது. இதயத்துக்கு ஆபத்து என்ற அச்சத்தால் அட்ரினலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இந்த வரிசை தவறு. 2011இல் வெளியான இலங்கை ஆய்வில் பாம்பு கடித்த 1007 பேர் இடம்பெற்றனர். நஞ்சுமுறி மருந்துக்கு முன் தோலடியில் சிறிதளவு அட்ரினலின் பெற்றவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசினும் அப்பயனைத் தரவில்லை.

அட்ரினலினால் நேரும் விபரீதங்களில் பல, தவறான அளவாலும் வழியாலும் வருபவை. நம் ஆம்பூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ளது. நாடித்துடிப்பு உள்ளவருக்கு அதை அப்படியே சிரைவழி ஏற்றினால் வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியாவோ மூளை ரத்தக்கசிவோ நேரலாம். 1:1000, 1:10,000 என்ற குறிப்புகள் பத்து மடங்குப் பிழைக்கு இடம் தருவதால், அமெரிக்கா 2016இல் விகிதக் குறிப்பையே லேபிளிலிருந்து நீக்கியது. நாமும் மி.கி.யில் மட்டுமே எழுதுவோம்: பெரியவர்களுக்குத் தொடையின் முன்-வெளிப்புறத் தசையில் 0.5 மி.கி.; குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி., உச்ச அளவு 0.3 மி.கி. தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மீண்டும். நோயாளி படுத்தே இருக்கட்டும். பீட்டா தடுப்பான் எடுப்பவர் இதற்கு மசியாவிட்டால் குளுக்ககானை நினைவில் கொள்க.

செந்தேள் கொட்டியவர் கதை வேறு. அங்கே நஞ்சே உடலின் அட்ரினலினைப் பெருக்கெடுக்கச் செய்கிறது. வியர்த்து, கைகால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோக்கும் அவருக்கு மேலும் அட்ரினலின் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதே. மகாராஷ்டிரத்தின் மஹாட்டில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பயன்படுத்திக் காட்டிய பிராசோசின்தான் அங்கே வேண்டும்.

நஞ்சுமுறி மருந்தைத் தொடங்குமுன் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து, அளவு எழுதி ஒட்டி, படுக்கையருகே வைக்க வேண்டும். மருத்துவரின் வரவுக்குக் காத்திராமல் செவிலியரே அதைப் போடும் நிலையாணை ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும்.