ஒப்படையை எழுதிக் கொடுக்கமாட்டோம், எழுத உதவுவோம்

முகத்துவாரத்தில் எமது வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளில் பலர், உயர்தரத்தில் வணிகப் பிரிவைத் தமிழில் படித்துவிட்டு முகாமைத்துவப் பட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பவர்கள். முதல் தவணையிலேயே ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் ஒப்படை கேட்பார்கள். அதே கிழமை வாட்ஸ்அப்பில் “அசைன்மென்ட் செய்து தரப்படும்” என்ற விளம்பரமும் வந்துவிடும். இது பற்றிப் பெற்றோரும் மாணவரும் எம்மிடம் கேட்பதால், எமது நிலைப்பாட்டைப் பகிரங்கமாகச் சொல்லிவைக்கிறோம்.

காசுக்கோ நட்புக்கோ ஒருவரின் ஒப்படையை இன்னொருவர் எழுதிக் கொடுப்பதை நாம் ஏற்கவில்லை. அந்த விளம்பரங்களுக்கு எமது அறிவித்தல் பலகையில் இடமில்லை. இந்த வியாபாரத்துக்கு எதிராக நியூசிலாந்து 2011 இலும் அவுஸ்திரேலியா 2020 இலும் இங்கிலாந்து 2022 இலும் சட்டம் இயற்றின. கொழும்பில் இருந்தபடியே பிரித்தானியப் பட்டம் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிடிபட்டால் பட்டம் போவது வாங்கியவருக்குத்தான். எழுதிக் கொடுத்தவர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

பிள்ளைகளை ஏசிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் நாம் தயாரில்லை. எம்மிடம் வருபவர்கள் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடுபவர்கள். குறிப்பை மனனம் செய்து எழுதியே புள்ளி எடுத்துப் பழகியவர்களிடம் ஒரு கோட்பாட்டை விமர்சித்து எழுதச் சொன்னால் திகைத்துப் போகிறார்கள். தலைமைத்துவத்துக்கு யார் யார் என்ன வரைவிலக்கணம் சொன்னார்கள் என்று இரண்டு பக்கம் நிரப்பி, கேட்ட கேள்விக்குக் கடைசிப் பந்தியில் வருகிறார்கள்.

பாடத்தில் வரும் உதாரணங்களும் இவர்களுக்குத் தூரம். லண்டனைக் கண்ணால் காணாத பிள்ளை பிரித்தானியப் பேரங்காடியான டெஸ்கோவின் போட்டிநிலையைப் பற்றி எதை எழுதும்? இணையத்தில் கிடப்பதைத்தான். ஒரு தொழிலின் போட்டியைத் தீர்மானிப்பவை என்று முகாமைத்துவ அறிஞர் மைக்கேல் போட்டர் 1979 இல் எழுதிய ஐந்து விசைகளை இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் வைத்துப் பார்க்கலாமே! வழங்குநரின் பலம் என்றால் என்ன? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாய்க்கு ஏறியபோது, சின்னப் படகுக்காரர் கடலுக்குப் போவதா விடுவதா என்று கணக்குப் பார்க்க நேர்ந்ததே, அதுதான். கொள்வனவாளரின் பலம், முற்பணம் கொடுத்த முதலாளி மீனுக்கு விலை சொல்லும்போது தெரியும். பதிலீடு, கடையில் இருக்கும் டின் மீனும் புரொய்லர் கோழியும். புதிதாகப் படகு இறக்க நினைப்பவர் பதிவுக்கும் அனுமதிக்கும் அலைவது நுழைவுத் தடை. ஐந்தாவதான போட்டியை, அதிகாலையில் கரைக்குப் போய் நிற்பவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இந்த அளவுக்குத் தெரிந்த பிள்ளை டெஸ்கோவைப் பற்றி இணையத்தில் கிடப்பதை வெட்டி ஒட்டுவதைப் பார்க்க எமக்கு மனவருத்தமாக இருக்கிறது.

ஆகவே கேள்வியைப் பிரித்து விளங்கப்படுத்துவோம். உசாத்துணை இடும் முறையைக் காட்டுவோம். மாணவரின் வரைவில் வாதம் எங்கே தளர்கிறது என்று குறித்துக் கொடுப்போம், ஆங்கிலப் பிழையைக் காரணத்தோடு சொல்வோம். பேனா மாணவரின் கையை விட்டு எமது கைக்கு வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் இதே அளவுகோல்தான்: சந்தேகம் கேட்கலாம், விடையை எழுதச் சொல்லக் கூடாது. தங்கள் நிறுவனத்தின் விதி இதைவிட இறுக்கமாக இருந்தால் அந்த விதியையே பின்பற்ற வேண்டும்.

கல்வி நிறுவனங்களிடமும் எமக்குக் கோரிக்கை உண்டு. இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் சொன்னதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். 2023 இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதென்று தவறாகக் காட்டின. எளிய சொல்லில் நேராக எழுதும் எமது பிள்ளைகள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள். எழுதியவர் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும். உள்ளூர்த் தொழிலை ஆய்ந்து எழுதுவதையும் பாடத்திட்டத்தில் அனுமதியுங்கள்.

மாணவர்களுக்கு: கேள்வித்தாளையும் நீங்களே எழுதிய முதல் வரைவையும் கொண்டு வாருங்கள். வரைவு தமிழில் இருந்தாலும் பரவாயில்லை. சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் நாள் இரவு மட்டும் வராதீர்கள்.