திட்டினால் வண்டி ஓடுமா?

"டிரைவருக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது. வர்றவனும் ஆறு மாசம் நிக்கிறதில்ல" என்று பஸ் முதலாளிகள் புலம்புவதை எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கலாம். இந்தக் காலத்து ஆட்களுக்குத் தொழில் பக்தி இல்லையாம்! பன்னிரண்டு வருஷமாக ஒரு பஸ் டிரைவருக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறவள் சொல்கிறேன். பக்தியெல்லாம் இருக்கிறது. மரியாதைதான் கிடைப்பதில்லை.

தேய்ந்துபோன வண்டியைக் கொடுத்துவிட்டு, டீசல் ஏன் அதிகம் என்று கேட்பார்கள். நெரிசலில் நேரம் தவறினால் திட்டு; அந்த நேரத்தைப் பிடிக்க வேகமாகப் போனால் அதற்கும் திட்டு. கலெக்ஷன் குறைந்தால் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் கண்டக்டருக்குத் திருட்டுப் பட்டம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், மறுநாள் "உனக்கு டியூட்டி இல்ல, போ" என்பார்கள். டியூட்டி இல்லாத நாளில் படியும் இல்லை, கூலியும் இல்லை.

என் கணவர் முன்பு இருந்த கம்பெனியில், யாரோ கல் எறிந்து உடைத்த கண்ணாடிக்கு இவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மகன் வயசுப் பையன் "டேய்" என்று கூப்பிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஸ்கூல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். வளைவு, மேடு, பள்ளமெல்லாம் பழகின டிரைவரை விரட்டிவிட்டுப் புது ஆளைத் தேடுவதில் முதலாளிக்குத்தான் என்ன லாபம்?

இது ஆம்பிளைகள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள் சகோதரிகளே! அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பவரை நம்பித்தான் நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள். அந்தக் கோபம் ராத்திரி இறங்குவதும் நம் வீட்டில்தான். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, சில கண்டக்டர்கள் நம்மிடம் எரிந்து விழுந்தார்களே, அதிலும் பாதி மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைத்ததுதான் என்பேன்.

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று மோட்டார் தொழிலாளர்களுக்கு 1961-லேயே சட்டம் போட்டார்கள். நேரத்துக்குக் கணக்கு வைத்தவர்கள் வாய்க்குக் கணக்கு வைக்கவில்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையை விசாரிக்க, வெளியாள் ஒருவரும் உள்ள குழு வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்தது. அதே மாதிரி, ஏச்சுப்பேச்சை விசாரிக்க ஒவ்வொரு டிப்போவிலும் கம்பெனியிலும் ஒரு குழு வைத்தால் என்ன? ஒரு வாரத்து டியூட்டியை முன்கூட்டியே சுவரில் ஒட்டட்டும். வண்டியின் பழுதை டிரைவர் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

நாமும் சில்லறைக்காகக் கண்டக்டரை "வா, போ" என்று பேசுவதை நிறுத்துவோம். என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு டிரைவரின் மனைவி, நாமக்கல்.