மரத்தடிக் காளான் சொல்லும் சேதி

எங்கள் வீதியில் சில வருஷங்களுக்கு முன் இரண்டு பெரிய மரங்கள் இருந்தன. வீதி முனையில் ஒரு குல்மோஹர். அதிலிருந்து ஐந்தாறு வீடு தள்ளி ஒரு வேம்பு. இன்று இரண்டும் இல்லை. வேம்பை மனிதர்கள் வெட்டினார்கள். குல்மோஹர் தானே விழுந்தது. வெட்டுண்ட மரத்தினால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. விழுந்த மரமோ அபாயக் குறியைப் பல மாதங்களாக எல்லாரும் பார்க்கக் காட்டிக்கொண்டே நின்றது. இந்த வழக்கில் தீர்ப்புத் தவறியது எப்படி என்று சொல்லவேண்டியது என் கடமை. ஏனெனில், தவறியவர்களில் நானும் ஒருவன்.

வேம்பின் அடிமரத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் வட்டத் திட்டுகள் படர்ந்திருந்தன. "மரத்துக்குச் சொறி பிடித்துவிட்டது; விட்டு வைத்தால் மற்ற மரங்களுக்கும் பரவும்" என்றார் வீதிப் பெரியவர் ஒருவர். நாலு பேர் ஆமோதித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் மரம் விறகாகிவிட்டது. வெட்டிய இடத்தில் தெரிந்த சிவந்த வைரம் கல்லைப் போல் உறுதியாக இருந்தது.

குல்மோஹரின் கதை வேறு. அதன் அடியில் தரையை ஒட்டி, வார்னிஷ் பூசியது போன்ற செம்பழுப்பு நிறத்தில், அரைத்தட்டு வடிவமான காளான் ஒன்று முளைத்திருந்தது. அதன் விளிம்பு மட்டும் வெண்மையாக இருந்தது. பார்க்க அழகாயிருக்கவே, நான் அதைப் பெயர்த்தெடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மேஜைமீது வைத்துப் பாடம் நடத்தினேன். பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால், 'இது முளைத்த மரத்தின் கதி என்ன?' என்று பிள்ளைகளும் கேட்கவில்லை. உபாத்தியாயரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஐப்பசி மழையில், பெருங்காற்று எதுவுமில்லாத ஒரு நள்ளிரவில், மரம் வேரோடு சாய்ந்தது. காலையில் பள்ளிக்கூட வண்டிக்காகக் குழந்தைகள் காத்து நிற்கும் இடம் அது. எட்டு மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை கூசுகிறது.

காளான் என்பது கனி. அதன் உடல் வேறு. மாம்பழத்தைப் பறித்துவிட்டால் மாமரம் அழிந்துபோகுமா? அதுபோலவே, வெளியே தெரியும் காளானைப் பிடுங்கி எறிவதால் ஒன்றும் ஆவதில்லை. அதன் உண்மையான உடல் நூலிழைகளாக மரத்துக்குள்ளே ஓடி, மரத்தையே உணவாக்கிக்கொண்டிருக்கிறது. மரம் உளுத்துப்போவதனால் காளான் பிறக்கிறது என்றே முற்காலத்தில் எண்ணினார்கள். காளானே மரத்தை உளுக்கச் செய்கிறது என்பதை 1878-இல் ராபர்ட் ஹார்டிக் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் ஆராய்ச்சி நூலில் தெளிவாக்கினார்.

ஆகையால், மரத்தில் எதையேனும் கண்டால் முதலில் கேட்கவேண்டியது, 'இது எந்த இடத்தில் இருக்கிறது?' என்பதே.

பட்டையின்மேல் ஒட்டிப் படர்ந்திருக்கும் வெண்சாம்பல், பச்சை, மஞ்சள் திட்டுகள் பெரும்பாலும் மரப்பாசி. பூஞ்சணமும் நுண்ணிய பாசியும் கூடி நடத்தும் குடித்தனம் அது. சூரிய ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். மரத்தினிடம் இருக்க இடம் கேட்கிறதே அல்லாமல் சோறு கேட்பதில்லை. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எங்கள் வேம்பு உயிரிழந்தது இந்தச் சாதுவான விருந்தாளியின் பொருட்டு!

பட்டுப்போன கிளைகளில் மழைக்குப்பின் வெண்சாம்பல் நிறச் சிறு விசிறிகள் வரிசையாக முளைப்பதுண்டு. அவை பெரும்பாலும் செத்த கட்டையைத் தின்பவை. நடைபாதைக்கு மேலே நீண்டிருக்கும் பட்ட கிளையை மட்டும் நீக்கினால் போதும். மரத்தைத் தண்டிக்க நியாயமில்லை.

அடிமரத்திலோ வேர்களின்மேலோ தட்டுப்போலக் கெட்டியான காளான் முளைத்தால் அது வேறு சேதி. அவற்றில் நம் நாட்டில் அடிக்கடி காண்பது கானோடெர்மா. அதைச் சுற்றிலும் தரைமீதும் காப்பிப்பொடி தூவியதுபோல் பழுப்புத் தூள் படிந்திருக்கும். அது அதன் வித்து. இலைகள் பச்சென்று இருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. நீரை மேலேற்றுவது மரத்தின் வெளிப்புறம். உள்ளிருக்கும் கட்டையும் வேர்களும் உளுத்த பிறகும் மரம் தழைத்துப் பூத்து நிற்கக்கூடும். எங்கள் குல்மோஹர் விழுந்த வருஷத்திலும் கோடையில் செக்கச்செவேலென்று பூத்திருந்தது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காளான் பழைய பகை. 1952-இல் தஞ்சை ஜில்லாவில் புயலுக்குப் பிறகு கண்டறியப்பட்டமையால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே இதற்குப் பெயர். அடித்தண்டில் வெடிப்பு உண்டாகிச் செம்பழுப்பு நீர் கசியும். அடிமட்டைகள் வாடித் தொங்கும். காளான் தலைகாட்டுவது பெரும்பாலும் கடைசியில்தான். எனவே, நீர் கசியும்போதே விழித்துக்கொள்ளவேண்டும். வருஷந்தோறும் மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், நோய்கண்ட மரத்தைச் சுற்றி 2 அடி ஆழமும் 1 அடி அகலமும் உள்ள பள்ளம் தோண்டி மற்ற மரங்களிலிருந்து பிரித்து வைப்பதும், பட்ட மரத்தை அடிக்கட்டையோடும் வேரோடும் அகற்றுவதும் வேளாண்மைத் துறையினர் கூறும் முறைகள்.

வீதி மரத்தின் அடியில் இத்தகைய காளானைக் கண்டதும் கோடரியைத் தேடவேண்டுமா? அவசரம் வேண்டாம். உள்ளே கூடான மரங்கள் பல நீண்ட காலம் நிற்கின்றன. வெளிச்சுவர் தடித்திருந்தால் மூங்கிலைப் போல் அவை உறுதியாக இருக்கும். காளானைப் பிடுங்காமல் விட்டு, விஷயம் அறிந்தவரை அழைத்துக் காட்டவேண்டும். மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தும், வேர்களைச் சோதித்தும், சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அவர் மதிப்பிடுவார். சில மரங்களுக்குப் பாரத்தைக் குறைத்தால் போதும். ஆனால் வேரே போயிருந்து, கீழே குழந்தைகள் நிற்குமிடமாயிருந்தால், துக்கத்தோடேனும் மரத்தை அகற்றத்தான் வேண்டும். தீர்ப்பு வரும்வரையில் குழந்தைகளை வேறிடத்தில் நிறுத்துவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இனி, காளான் உள்ளே புகுந்தது எப்படி? பெரும்பாலும் வாசலைத் திறந்துவிட்டவர்கள் நாம்தான். குழாய் பதிக்க வேரை அறுக்கிறோம். அடிமரத்தைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் சிமெண்டு பூசுகிறோம். விளம்பரப் பலகைக்கு ஆணி அடிக்கிறோம். மின்சாரக் கம்பிக்காகக் கிளைகளைக் கண்டபடி வெட்டுகிறோம். பிறகு புண்ணுக்குத் தார் பூசினால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். மரத்தின் புண் நம் உடம்புப் புண்ணைப் போல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுப் புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது என்று 1977-இல் விளக்கினார். தாரும் வர்ணமும் உளுப்பைத் தடுப்பதில்லை என்றும் காட்டினார். கிளையை நீக்கவேண்டுமானால், அது தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டவேண்டும். முளை மிஞ்சவும் கூடாது. புடைப்பைச் சீவவும் கூடாது. மரம் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும்.

கே. எம். முன்ஷி மத்திய மந்திரியாயிருந்தபோது 1950-இல் வனமஹோத்ஸவம் தொடங்கியது. அதுமுதல் வருஷந்தோறும் கன்று நடுகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். நட்ட மரத்தை வருஷத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து நுனிவரை சுற்றிப் பார்ப்பவர் எத்தனை பேர்? மழைக்காலம் முடிந்ததும் ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம் போதும்.

நான் இப்போதெல்லாம் காளானை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. வகுப்பைக் காளான் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போகிறேன். சென்ற தை மாதம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் முன் நின்றபோது, பட்டையெங்கும் படர்ந்திருந்த மரப்பாசியை ஒரு சிறுமி ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே குனிந்து வேரடியைத்தான் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை என்று அவள் சொன்னபோது எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமல்ல.