வித்துப் பரிமாற்றமும் ஆசிய நாடுகளின் உற்பத்தித் திறனும்

ஒரு நாட்டின் உற்பத்தித் திறன் அந்நாட்டின் முயற்சியால் மட்டும் உயர்வதன்று. 1961-இல் இந்தியா உள்ளிட்ட நாடுகள் ஆசிய உற்பத்தித் திறன் அமைப்பைத் தோற்றுவித்தமை இக்கருத்தினாலேயே ஆகும்.

இவ்வுண்மையை அதற்கு முன்னரே நெல் உணர்த்தியிருந்தது. 1950-களில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவுடன், கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிகா, இண்டிகா நெல்வகைகள் இனக்கலப்புச் செய்யப்பட்டன. கலப்பு வித்துகளைப் பல நாடுகள் பெற்றுச் சென்று, தத்தம் வயல்களில் தேர்வு செய்தன. பெரும்பாலானவை பயன்படவில்லை. எனினும், தைவான் நெல்லும் மலாயா நெல்லும் இணைந்த வித்தினின்று தெரிந்தெடுத்த மாசூரியை மலேசியா 1965-இல் வெளியிட்டது. பின்னர் அது இந்தியாவுக்கே திரும்பி வந்தது. தமிழகத்தின் பொன்னியும் ஆந்திரத்தின் சம்பா மாசூரியும் அதன் வழி வந்தவையே.

கொடுத்ததனால் எந்நாடும் குறைவுறவில்லை. 1992-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மை உடன்படிக்கை, வித்துகளின் மீது அந்தந்த நாட்டிற்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை நியாயமானதே, ஆயினும் அதனைக் காரணங்காட்டிப் பரிமாற்றத்தைத் தடுப்பது அறிவுடைமையாகாது. உழவரின் பங்கை உறுதி செய்து, வித்துகளும் வயலாய்வு முடிவுகளும் நாடுகளிடையே சென்று வருதல் வேண்டும். தோல்விகளையும் விடாது குறித்து வைத்தல் களப்பணியாளரின் கடமை. உண்ணும் சோற்றின் பின்னுள்ள இவ்வரலாற்றை மாணவருக்கு உணர்த்துதல் ஆசிரியரின் கடமை.