அரைப் பக்கம் எழுதினால் என்ன?

பிராஜெக்ட் முடிந்ததும் ஃபைலை சி.டி.யிலோ பென் டிரைவிலோ போட்டு லேபில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்?

அப்படி ஒரு பழைய சி.டி. என் கைக்கு வந்தது. மேலே 'மாமல்லபுரம் கடற்கரை - சாட்டிலைட்' என்று மட்டும் இருந்தது. உள்ளே ஒரே ஃபைல், 10,48,576 பைட். எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கவில்லை. அது சுருக்கப்படாத படம். புள்ளிக்கு ஒரு பைட் வீதம் வெறும் எண்கள். அகலம், உயரம் பற்றி ஃபைலுக்குள் ஒரு குறிப்பும் கிடையாது.

1024 × 1024 சரியாக வந்தது. போட்டுப் பார்த்தால் ஒரே கடற்கரை இரண்டாக, பக்கத்தில் பக்கத்தில், பட்டை பட்டையாகத் தெரிகிறது! ரெண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உண்மையில் அது 512 × 512, நான்கு அலைவரிசை. சாட்டிலைட் படங்களில் பி.ஐ.எல். என்று ஒரு முறை உண்டு. முதல் வரியை நான்கு அலைவரிசையிலும் எழுதிய பிறகுதான் இரண்டாம் வரிக்குப் போகும். நான்காவது அகச்சிவப்பு. அதில் தண்ணீர் கறுப்பாகவும் தரை வெளுப்பாகவும் விழும். கரைக்கோடு கத்தியால் கீறின மாதிரி வந்தது. குதித்தே விட்டேன்.

தெரிந்த இரண்டு இடங்களின் தூரத்தை வைத்து அளந்தேன். ஒரு புள்ளி சுமார் 36 மீட்டர். லிஸ்-2 கேமராவுக்கு 36.25 மீட்டர், ஆக அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேமரா 1988 மார்ச் 17-ல் ஏவிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ-யிலும் இருந்தது, 1991 ஆகஸ்ட் 29-ல் ஏவிய 1பி-யிலும் இருந்தது. இது எந்த வருஷத்துக் கரை? எண்களை எப்படிப் புரட்டினாலும் தேதி மட்டும் வராது.

பள்ளிக்கூடமே போகாத எங்க தாத்தா, "கட்டுமரம் ஏத்தி வச்ச எடம் இப்போ தண்ணிக்குள்ள கெடக்குடா" என்பார். எவ்வளவு தூரம் என்றால் கையை நீட்டிக் காட்டுவார். தேதி இருந்திருந்தால், கரை ஒரு புள்ளிக்கு மேல் நகர்ந்திருக்கும் பட்சத்தில், அதை மீட்டரில் சொல்லியிருப்பேன்.

சாளுவன்குப்பம் அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே சாசனத்தை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். பாறையிலேயே இரண்டு தடவை! நம்மால் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அடிக்க முடியாதா? அகலம், உயரம், எத்தனை அலைவரிசை, எந்த முறை, எந்த சாட்டிலைட், எடுத்த தேதி. தமிழிலேயே எழுதலாம். "அதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டான் ஒரு நண்பன். கிடையாதுதான். குறிப்பு இல்லாத பிராஜெக்டை லேபில் வாங்கவே கூடாது என்று நம் யூனியன் கேட்க வேண்டும் என்பேன்.

அந்த சி.டி.யோடு இப்போது என் குறிப்பும் இருக்கிறது. தேதிக்கு எதிரே மட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் படத்தை வாங்கிய சீனியர் யாராவது இதைப் படித்தால், வந்து நிரப்பித் தாருங்கள்.