மெக்கானிக் மெர்சியும் ஓநாய் மனிதர்களும்

கிரீஸும் கருகிய எண்ணெயும் நாறும் ஒரு கார் ஒர்க் ஷாப். வேலை கேட்டு ஒரு பையன் வந்து நிற்கிறான். அவன் ஓநாய் மனிதன். வாசனையை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடக்கூடியவள்தான் மெக்கானிக் மெர்சி. ஆனால், அந்தக் கிரீஸ் நாற்றத்தில் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிகிறது.

பேட்ரிசியா பிரிக்ஸ் எழுதி 2006-ல் வந்த 'மூன் கால்டு' நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பௌர்ணமி வர்ணனை, மூடுபனி, ஊளைச் சத்தம் என்று எந்த பில்டப்பும் கிடையாது. உருமாறும் மனிதர்கள் இன்றைய நகரத்தில் நம்மோடு வாழ்வதாகச் சொல்லும் இந்த வகைக் கதைகளை 'அர்பன் ஃபேன்டஸி' என்கிறார்கள். இவற்றின் மீது வழக்கமாக விழும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: கதை ஓடுகிறது, நடைதான் சப்பென்று இருக்கிறது!

உண்மைதான். அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ள ஒரு வரி தேடினால், பிரிக்ஸிடம் கிடைப்பது கஷ்டம். 1979-ல் ஏஞ்சலா கார்ட்டர் 'தி பிளடி சேம்பர்' தொகுப்பில் எழுதிய ஓநாய்க் கதைகளில், வரிக்கு வரி நின்று ரசிக்கலாம். ஆனால் அவை சில பக்கங்களில் முடிந்துவிடுபவை. மெர்சியின் கதையோ 2024-ல் வந்த 'வின்டர் லாஸ்ட்' வரை 14 நாவல்கள். இத்தனை தூரம் பாயசமே சாப்பிட்டுக்கொண்டு போக முடியாது.

இன்னொரு விஷயம், கதையைச் சொல்வது மெர்சியேதான். வாஷிங்டன் மாநிலத்தின் ட்ரை-சிட்டீஸ் பகுதியில் பழைய ஃபோக்ஸ்வேகன் கார்களைப் பழுது பார்ப்பவள். நினைத்தால் கயோட்டியாக, அதாவது ஓநாய்க்குத் தம்பி போன்ற ஒரு விலங்காக மாறிவிடுவாள். அவள் கவிதையாகப் பேசினால் யார் நம்புவார்கள்? என்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லும் அதே குரலில், ஓநாய் மனிதர்கள் உருமாற வலியோடு பல நிமிடங்கள் ஆகும், தனக்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதும் என்கிறாள். நம்பிவிடுகிறோம். பிறகு சண்டை வரும்போது அந்த நிமிடக் கணக்கே நம்மைப் பதற வைக்கிறது.

பக்கத்து வீட்டு ஆடம், ஓநாய்க் கூட்டத்தின் தலைவர். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் அவருக்கு. அவர் பார்வையில் படும்படி, ஒரு ஓட்டை ராபிட் காரைத் தன் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள் மெர்சி. அவர் அதிகாரம் செய்து எரிச்சலூட்டினால், அந்தக் காரிலிருந்து ஒரு டயரைக் கழற்றிவிடுவாள். அவ்வளவுதான் பழிவாங்கல்! அவளுடைய பிடிவாதம், அவருடைய குணம், இருவருக்கும் நடுவில் முளைக்கும் பிரியம் எல்லாம் அந்த டயர் கழற்றலில் தெரிந்துவிடுகின்றன.

எல்லா இடத்திலும் இது எடுபடுகிறதா என்றால், இல்லை. பின்னால் வந்த நாவல்களில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கூட்டத்துக்கு யாரோடு பகை என்று மறுபடி மறுபடி விளக்கும்போது, சாதாரண நடை வெறும் குறிப்பேடாகிவிடுகிறது. சில பக்கங்களை விரலால் தள்ளிவிட்டுப் போகத் தோன்றும்.

ஆனால், 2008-ல் வந்த மூன்றாம் நாவல் 'அயர்ன் கிஸ்டு' வேறு மாதிரி. அதில் மெர்சிக்குப் பாலியல் வன்கொடுமை நேர்கிறது. இங்கே அலங்கார நடை இருந்திருந்தால் அசிங்கமாகியிருக்கும். பிரிக்ஸ் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அவள் படும் பாட்டுக்கு நேரம் கொடுக்கிறார். அடுத்த நாவலான 'போன் கிராஸ்டு'வில்கூட அந்த பயம் திடீர் திடீரென்று அவள் மூச்சை அடைக்கிறது. காதலன் அன்பானவன் என்பதால் அது மாயமாகிவிடுவதில்லை.

தொடரை முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படிப்பதே நல்லது. வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் கேட்டால், மூன்றாவதைக் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.